சுவரின் சூட்டைக் கணினி சரியாகச் சொல்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு வெக்கையாக இருக்கும் என்பதைக் கட்டடம் எழும்பும் முன்பே கணினியில் கணக்கிடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: கணினி தரும் எண்ணை எதை வைத்து நம்புவது? இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஆய்வுக்காக ஓர் அறையை, கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் மாதிரியாக்கினேன். அறையில் லாகர் (அளவுகளைத் தானாகவே பதிவு செய்யும் கருவி) வைத்துக் காற்றின் வெப்பநிலையையும் பதிவு செய்தேன். இரண்டும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. அந்த மாதிரியை வைத்து, கூரை மேல் வெள்ளைப் பூச்சு பூசினால் உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று கணக்கிட்டேன். "கதிர்வீச்சுப் பகுதி சரிபார்க்கப்படவில்லை" என்று மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிட்டார். காற்று சரியாக வந்தால் மற்றதும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? – ஆய்வு மாணவி

பதில்: மதிப்பீட்டாளர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மனம் தளராதீர்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள், மீதிக்குச் சில சென்சார்கள் போதும்.

காற்றின் வெப்பநிலையைப் பொருத்திக் காட்டுவது சுலபம். இரண்டு தவறுகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டாலும் அது பொருந்திவிடும். கூரையின் அடிப்பரப்பை உங்கள் மாதிரி உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சூடு உள்ளே கசிந்து வரும் அளவைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தால் காற்று சரியான எண்ணுக்கு வந்து நின்றுவிடும். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டி ஓடும். கூரை மட்டும் தப்பாகவே இருக்கும்.

மனித உடல் காற்றோடு மட்டும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்வதில்லை. அசையாத காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு, சுற்றியுள்ள பரப்புகளோடு கதிர்வீச்சால் நடக்கும் பரிமாற்றத்தின் கெழு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 4.7 வாட், காற்றோடு நடப்பது 3 வாட் அளவில்தான். சுவரும் கூரையும் தரையும் என்ன சூட்டில் இருக்கின்றன என்பது காற்றைவிட அதிகமாகவே உடலைத் தொடுகிறது. அந்தப் பரப்புகளின் சூட்டை, உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றையும் எவ்வளவு 'பார்க்கிறார்' என்ற பங்கின்படி சேர்த்து ஒரே எண்ணாக்கினால் கிடைப்பதுதான் சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை.

கணக்காகப் பார்த்துவிடலாம். சுவர், தரை, காற்று எல்லாம் 31 டிகிரி, கூரையின் அடிப்பரப்பு 42 டிகிரி. உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் கூரையின் பங்கு 0.2. கெல்வினுக்கு மாற்றி, நான்காம் அடுக்கில் சராசரி எடுத்தால் சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை 33.3 டிகிரி வரும். உங்கள் மாதிரி கூரையை 37 டிகிரி என்று சொல்லியிருந்தால் அது 32.2 ஆகிவிடும். கூரையில் 5 டிகிரி பிழை, உடலுக்கு வரும்போது 1.1 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. "அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் உங்கள் கேள்வியே கூரைப் பூச்சைப் பற்றியது. பூச்சால் கிடைக்கும் நன்மை அறைக்குள் இறங்குவதே கூரையின் அடிப்பரப்பு வழியாகத்தான். அந்தப் பரப்பில் 5 டிகிரி பிழை இருந்தால், நீங்கள் அளக்கப் புறப்பட்ட பலனும் அந்தப் பிழையும் ஒரே அளவில் நிற்கும்.

ஆகவே கூரையின் அடிப்பரப்பில் நான்கைந்து இடங்களில் மெல்லிய தெர்மோகப்பிள் (ஒயர் வடிவ வெப்பநிலை சென்சார்) ஒட்டுங்கள். முனை பரப்போடு நன்றாகப் படிய வேண்டும். வெப்பப் பசை கொஞ்சம் தடவுங்கள். ஒயரை ஒட்டிய இடத்திலிருந்து நேராகக் காற்றில் தொங்கவிடாமல், சில சென்டிமீட்டராவது பரப்பை ஒட்டியே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஒயர் வழியாக வெப்பம் போய்வந்து, பரப்புக்கும் காற்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். மேலே ஒட்டும் டேப் பளபளப்பாக இருக்கக் கூடாது. கூரையின் அதே பெயிண்டை டேப்பின் மேலும் தடவிவிடுவது நல்லது. எதிர்ச் சுவரில் ஒன்று, தரையில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அளந்ததையும் கணினி தந்ததையும் மணிக்கு மணி வரைந்து பாருங்கள். உச்சத்தின் அளவைவிட, உச்சம் எந்த நேரத்தில் வருகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். கனமான கான்கிரீட் கூரை வெயிலை வாங்கி உள்ளே விடப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மாதிரியில் உச்சம் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தால் கூரையின் தடிமன், அடர்த்தி, தன்வெப்பம், வெப்பக் கடத்துதிறன் இவற்றில் ஒன்றைத் தவறாகக் கொடுத்திருக்கலாம். நேரம் சரியாக இருந்து உயரம் மட்டும் மாறினால், வெயிலை உறிஞ்சும் அளவைச் சந்தேகப்படுங்கள். பழைய, அழுக்குப் படிந்த கூரைக்குப் பட்டியலில் உள்ள புதுக் கூரையின் எண்ணைக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடப்பது.

இன்னும் இரண்டு விஷயம். உங்கள் லாகர் எங்கே இருந்தது? வெறுமனே மேசை மேல் வைத்த சென்சாரும் சூடான கூரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அது காட்டுவது சுத்தமான காற்று வெப்பநிலை அல்ல. பளபளப்பான அலுமினியத் தாளால் செய்த குழாய்க்குள் சென்சாரை வைத்து, சிறிய விசிறியால் காற்றை இழுத்து அளக்க வேண்டும். இரண்டாவது, எனர்ஜிபிளஸ் இயல்பாகத் தரும் கதிர்வீச்சு வெப்பநிலை அறை முழுவதற்குமான சராசரி. ஜன்னலோரம் உட்காருபவருக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு பரப்புக்கும் கோணப் பங்கை நீங்களே கொடுக்கும் வசதி அதில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கறுப்புக் குண்டு வெப்பமானி (உள்ளே சென்சார் வைத்த கறுப்பு உலோகக் கோளம்) கிடைக்காததால் பிங்பாங் பந்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்து உள்ளே சென்சார் வைத்திருக்கிறேன். அது காட்டும் எண்ணையே சராசரி கதிர்வீச்சு வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பந்து சரி, எடுத்துக்கொள்ளும் விதம் சரியில்லை. வெர்னன் 1930-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குண்டு 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கோளம். அது சுற்றுப்புறத்திலிருந்து கதிர்வீச்சை வாங்கும், அதே சமயம் பக்கத்தில் போகும் காற்றிடம் வெப்பத்தை இழக்கும். நமக்குக் கிடைக்கும் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. காற்றின் பங்கைக் கழித்தால்தான் கதிர்வீச்சு கிடைக்கும். அதற்குக் குண்டுக்குப் பக்கத்திலேயே காற்றின் வேகத்தையும் அளந்தாக வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். காற்று 31 டிகிரி, குண்டு 33 டிகிரி காட்டுகிறது. 150 மில்லிமீட்டர் குண்டுக்கு, காற்றின் வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் என்றால் கதிர்வீச்சு வெப்பநிலை 34.1, 0.3 மீட்டர் என்றால் 35.1. அதே எண்ணை 40 மில்லிமீட்டர் பந்து காட்டியிருந்தால் முறையே 34.8, 36.5. சின்னப் பந்தைக் காற்று அதிகமாக ஆட்டிவைக்கிறது. வேகத்தைச் சரியாக அளக்காவிட்டால் ஒன்றேமுக்கால் டிகிரி வரை ஊகத்திலேயே போய்விடும். சின்னப் பந்துக்கு ஒரு நன்மையும் உண்டு: பெரிய செம்புக் குண்டு நிலைக்கு வர 20, 30 நிமிடம் ஆகும், பந்து சீக்கிரம் வந்துவிடும். வெயில் நேரடியாக விழும் இடத்தில் கறுப்புப் பந்தை வைக்காதீர்கள். நம் உடைகளைவிட அது வெயிலை அதிகமாக உறிஞ்சும். அங்கே சாம்பல் நிறப் பந்துதான் பொருத்தம். உட்கார்ந்திருப்பவருக்காக அளந்தால் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் வையுங்கள்.

சரிபார்ப்புக்கு நான் விரும்பும் வழி வேறு. குண்டு காட்டியதிலிருந்து கதிர்வீச்சு வெப்பநிலையைக் கணக்கிட்டு அதைக் கணினியோடு ஒப்பிடுவதற்குப் பதிலாக, குண்டையே கணினிக்குள் வைத்துவிடுங்கள். அதே விட்டம், அதே உமிழ்திறன் (பரப்பு வெப்பக் கதிரை வெளியிடும் திறன்), அதே இடம். மாதிரியில் உள்ள குண்டு என்ன காட்டும் என்று கணக்கிட்டு, அறையில் உள்ள குண்டு காட்டியதோடு நேருக்கு நேர் வையுங்கள். சூத்திரத்தைப் பின்னோக்கிப் போடும்போது வேகத்தின் பிழை கதிர்வீச்சு வெப்பநிலையில் பெரிதாகி நிற்கும். இந்த வழியில் அந்தப் பெருக்கம் இல்லை.

கேள்வி: தெர்மல் கேமரா வைத்து ஒரே படத்தில் எல்லாப் பரப்புகளையும் அளந்துவிட முடியாதா?

பதில்: பெயிண்ட் அடித்த சுவர், மரம், கான்கிரீட் என்றால் தாராளமாக. அவற்றின் உமிழ்திறன் 0.9-ஐ ஒட்டி இருக்கும். பளபளப்பான உலோகத்தை மட்டும் நம்பாதீர்கள்: அதன் உமிழ்திறன் 0.05 அளவுக்குக் கூட இறங்கும், கேமராவுக்குத் தெரிவது பெரும்பாலும் எதிரில் இருப்பதன் பிம்பம். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி, டேப்பின் சூட்டைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தாலும் பிரதிபலிப்பு வந்து குழப்பும். எந்தப் படம் எடுத்தாலும் அதில் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டிய இடம் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஆஷ்ரே 140 சோதனையில் (அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, கட்டட மென்பொருள்களுக்கு வைக்கும் சோதனை) தேறியது என்று ஆலோசகர் சொல்கிறார். அதற்கு மேல் நாங்கள் எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை என்கிறார். உண்மையா? – கட்டடக் கலைஞர்

பதில்: முத்திரை போட்ட தராசு என்றால் தராசு சரி, தட்டில் எதை வைத்தீர்கள் என்பதற்கு முத்திரை பொறுப்பில்லை.

அந்தச் சோதனையின் வேர் 1995-இல் ஜட்காஃப், நெய்மார்க் இருவரும் தந்த பெஸ்டெஸ்ட். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், தெற்கே 12 சதுர மீட்டர் ஜன்னல் கொண்ட ஒரு கற்பனை அறை. அதை எல்லா மென்பொருளிலும் ஓட்டி, விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பார்கள். லேசான சுவர், கனமான சுவர், நிழல் உண்டு, நிழல் இல்லை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதால் பிழை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று பிடிக்க முடியும். அருமையான யோசனை, நான் மிகவும் மதிப்பது. ஆனால் அது பெரும்பாலும் மென்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடக்கும் ஒப்பீடு. நிஜச் சுவரில் ஒட்டிய சென்சாரோடு ஒப்பிடுவது தனி வேலை. உங்கள் ஆள் கண்ணாடியின் பண்புகளைத் தவறாகக் கொடுத்தாரா என்பது மென்பொருள் ஒப்பீட்டில் தெரியாது.

ஆலோசகரிடம் மூன்று சின்னக் கணக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பரப்பும் 30 டிகிரி என்று வைத்தால் அறையில் எங்கே உட்கார்ந்தாலும் கதிர்வீச்சு வெப்பநிலை 30 வர வேண்டும். ஓர் இடத்திலிருந்து பரப்புகளைப் பார்க்கும் பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். மூன்றாவது, எதிரெதிரே இரண்டு பெரிய தட்டுகள்: 40 டிகிரியில் ஒன்று, 26 டிகிரியில் ஒன்று, இரண்டுக்கும் உமிழ்திறன் 0.9. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 வாட் பாய வேண்டும். ஒரு தட்டின் உமிழ்திறனை 0.05 ஆக்கினால் அது 4.5 வாட்டுக்கு விழ வேண்டும். இதைக் கையாலேயே போட்டுவிடலாம், ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி போதும். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறந்தவர், உமிழ்திறனும் பிரதிபலிப்பும் இடம் மாறிப் போட்டவர் எல்லாரும் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: எத்தனை சதவீதப் பிழை இருந்தால் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதலாம்? மணிக்கணக்கு அளவுகளுக்கு 30 சதவீதம் வரை போகலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

பதில்: அந்த 30 சதவீதம் ஆஷ்ரே கைட்லைன் 14-இல் வருவது. ஆற்றல் செலவுக்காக, அதாவது மீட்டர் காட்டும் யூனிட்டுகளுக்காக வைத்த வரம்பு அது. அதை எடுத்து வெப்பநிலைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 30 டிகிரியில் 30 சதவீதம் என்றால் 9 டிகிரி! அவ்வளவு பிழையோடு வசதியைப் பற்றி என்ன பேச முடியும்? அதோடு செல்சியஸின் பூஜ்யம் நாம் தேர்ந்தெடுத்த ஒரு புள்ளி. அதில் சதவீதம் போடுவதற்கு அர்த்தமே இல்லை. டிகிரியிலேயே சொல்லுங்கள்.

எத்தனை டிகிரி என்றால், முதலில் உங்கள் கருவியைக் கேளுங்கள். அளவுக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 7726 காற்று வெப்பநிலைக்கு அரை டிகிரித் துல்லியம் கேட்கிறது. கதிர்வீச்சு வெப்பநிலைக்கு 2 டிகிரி வரை அனுமதிக்கிறது. அளவீட்டிலேயே 2 டிகிரி ஐயம் இருக்கும்போது, மாதிரி 0.3 டிகிரிக்குள் பொருந்தியது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. வரைபடத்தில் அளந்த கோட்டைச் சுற்றி அந்த ஐயத்தை ஒரு பட்டையாகப் போடுங்கள். கணினிக் கோடு எங்கே அந்தப் பட்டையை விட்டு வெளியே போகிறது, எந்த நேரத்தில், எந்தப் பரப்பில் என்று எழுதுங்கள். பகலையும் இரவையும் தனித்தனியாகப் பாருங்கள். பகலில் 2 டிகிரி கூட, இரவில் 2 டிகிரி குறைவு என்றால் சராசரிப் பிழை பூஜ்யம் வந்துவிடும், மாதிரியோ இரண்டு நேரத்திலும் தப்பு.

இன்னொன்று. முதல் வாரத்து அளவுகளை வைத்து மாதிரியின் எண்களை அப்படி இப்படி நகர்த்திப் பொருத்திவிட்டு, அதே வாரத்தைக் காட்டி "ஒத்துப்போகிறது" என்று சொல்வது சரிபார்ப்பு ஆகாது. பொருத்தியதை வேறொரு வாரத்துக்கு, முடிந்தால் ஜன்னல் திறந்த வாரத்துக்கு, எண்களைத் தொடாமல் ஓட்டிக் காட்டுங்கள். ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்கிர்ஷெனில் ஒரே மாதிரி கட்டிய இரண்டு சோதனை வீடுகளில் இதை முறையாகவே செய்தார்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் 58-ஆம் இணைப்புத் திட்டம் அது. பங்கேற்ற குழுக்களுக்குக் கட்டடத்தின் விவரம், வானிலை போன்ற உள்ளீடுகளைக் கொடுத்தார்கள். கணிக்க வேண்டியவற்றின் அளந்த எண்களைக் கணிப்புகள் வந்து சேர்ந்த பிறகே காட்டினார்கள். அப்படி வெளிவரும் பிழைதான் நேர்மையான பிழை.

கேள்வி: மாதிரி தரும் பி.எம்.வி. மதிப்பு (மக்கள் சராசரியாக எப்படி உணர்வார்கள் என்ற கணிப்பு; 0 என்றால் இதம், +3 என்றால் கடும் வெக்கை) 1.8. ஆனால் அறையில் இருப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "பரவாயில்லை" என்கிறார்கள். சிமுலேஷனில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள், இப்போதைக்கு.

இங்கே இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று, அறையின் வெப்பத்தைக் கணக்கிடுவது. இன்னொன்று, அந்த வெப்பம் மனிதருக்கு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது. பி.எம்.வி. இரண்டாவது. டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-இல் நூலாக வெளியிட்டது. ஆய்வுக்கூட அறைகளில் உட்காரவைத்துக் கேட்டவர்களின் பதில்களில் நிற்கிறது. காற்று வெப்பநிலை, கதிர்வீச்சு வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, உடல் உழைப்பு ஆகிய ஆறும் வேண்டும். கணினி பெரும்பாலும் தருவது இரண்டு வெப்பநிலைகளையும் ஈரப்பதத்தையும்தான். காற்றின் வேகமும் உடையும் உழைப்பும் நீங்கள் ஊகித்துப் போட்டவை.

ஐ.எஸ்.ஓ 7730 பி.எம்.வி.க்கு எல்லை வகுத்திருக்கிறது: காற்று 10 முதல் 30 டிகிரி வரை. நீங்கள் அனுப்பிய அட்டவணையில் பிற்பகல் முழுவதும் 30-க்கு மேல். அங்கே அந்தச் சூத்திரம் பேச உரிமை இல்லாத இடம். எல்லைக்குள்ளேயும் அது தனிமனிதரைச் சரியாகச் சொல்வதில்லை. ஆஷ்ரேயின் உலகளாவிய தரவுத் தொகுப்பை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், மக்கள் சொன்ன உணர்வை பி.எம்.வி. மூன்றில் ஒரு முறைதான் சரியாகச் சொன்னது.

ஏசி இல்லாமல், ஜன்னலை அவரவரே திறந்து மூடும் அறை என்றால், மக்கள் வெளிச்சூட்டுக்குப் பழகிக்கொள்வதைக் கணக்கில் எடுக்கும் தகவமைப்பு மாதிரியோடு ஒப்பிடுங்கள். டி டியர், பிரேகர் இருவரின் 1998 ஆய்விலிருந்து, வெப்ப வசதிக்கான தரநிலையான ஆஷ்ரே 55-க்குள் வந்தது அது. வெளிவெப்பநிலையின் நிலவும் சராசரியை (அண்மை நாட்களின் சராசரி) 0.31-ஆல் பெருக்கி 17.8 கூட்டுங்கள். வெளியே சராசரி 30 என்றால் உள்ளே 27.1, 80 சதவீதத்தினர் ஏற்கும் வரம்பு அதிலிருந்து மேலும் கீழும் 3.5 டிகிரி, அதாவது மேலே 30.6 வரை. "பரவாயில்லை" என்ற பாதிப் பேர் எந்த நேரத்தில் அப்படிச் சொன்னார்கள், விசிறிக்குக் கீழே இருந்தார்களா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

மக்களின் பதிலோடு பொருந்த வேண்டும் என்று சுவரின் உமிழ்திறனை மாற்றினால் இரண்டு மாதிரிகளும் கெட்டுவிடும். சுவரைச் சுவரில் ஒட்டிய சென்சாரோடு ஒப்பிடுங்கள், மனிதரின் பதிலை வசதி மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரு நான்கு சேனல் லாகர்தான் இருக்கிறது. எதை அளப்பது, எதை விடுவது? – இளநிலை மாணவர்கள்

பதில்: நான்கு சேனலில் நல்ல வேலை செய்யலாம். ஒன்று, முன்பு சொன்ன அலுமினியத் தாள் குழாய்க்குள் காற்று. இரண்டு, அறையில் அதிகம் சூடாகும் பரப்பு, பெரும்பாலும் கூரையின் அடிப்பரப்பு. மூன்று, அதிகம் குளிர்ந்திருக்கும் பரப்பு, பெரும்பாலும் தரை. நான்கு, உட்காரும் இடத்தில் குண்டு. தொடங்கும் முன் நான்கு சென்சாரையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று குறித்து வைத்து, பிறகு அதைக் கழித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தைக் கையில் பிடிக்கும் கருவியால் நாளுக்கு நான்கு முறை குண்டுக்குப் பக்கத்தில் எடுத்தால் போதும். வெளியே வெயிலின் அளவையும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் உள்ள வானிலை நிலையத்திலிருந்து அதே நாட்களுக்கு வாங்குங்கள். மென்பொருளோடு வரும் வானிலைக் கோப்பு ஒரு வகைமாதிரி ஆண்டுக்கானது, நீங்கள் அளந்த வாரம் அதில் இருக்காது.